நம் பத்து ரூபாய் எங்கே போகிறது?



மறைபரப்பு ஞாயிறன்று காணிக்கை எடுக்கும்போது சிற்றூர்ப் பங்குகளில் ஒரு கேள்வி எழுவதுண்டு: "சாமி, நம்ம கோயில் கூரையே ஒழுகுது. இந்தக் காச எதுக்கு ரோமாபுரிக்கு அனுப்பணும்?" நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் காணிக்கைத் தட்டை மட்டும் நீட்டுவது முறையல்ல.

பிரான்சு நாட்டு லியோன் நகரில் பவுலின் ஜாரிகோ என்ற இளம்பெண், பட்டாலைத் தொழிலாளிகளிடம் வாரம் ஒரு காசு சேர்த்தார். பத்துப் பேருக்கு ஒருவர் பொறுப்பு. இந்த முயற்சியிலிருந்து 1822-இல் பிறந்ததே நம்பிக்கை பரப்புதல் சங்கம். புதுச்சேரி, மதுரை மறைத்தளங்களும் அதன் உதவியைப் பெற்றன. நம் முகத்தையே பாராத ஏழைப் பெண்கள் தந்த காசு அது. 1922-இல் அச்சங்கம் திருத்தந்தையின் நேரடிப் பொறுப்பில் வந்தது. 1926-இல் மறைபரப்பு ஞாயிறு ஏற்படுத்தப்பட்டது. பவுலின் 2022-இல் அருளாளராக உயர்த்தப்பட்டார்.

இன்றும் வழி அதுவே. உலகெங்கும் அந்த ஞாயிறன்று சேரும் காணிக்கை ஒரு பொது நிதியாகிறது. தேவையுள்ள மறைமாவட்டத்தின் ஆயர் விண்ணப்பிக்கிறார். பல நாடுகளின் இயக்குநர்கள் ரோமில் கூடி, அதைப் பரிசீலித்துப் பகிர்ந்தளிக்கிறார்கள். சிற்றாலயம் கட்டவும், வேதியர்களைத் தாங்கவும் அது உதவுகிறது. 1889-இல் தொடங்கிய புனித பேதுரு சங்கமோ குருமாணவர்களைப் படிக்க வைக்கிறது. குருமடத்தில் நாங்கள் உண்ட சோற்றிலும் யாரோ ஒரு முன்பின் அறியாதவரின் காணிக்கை உண்டு.

உதவி கேட்டவுடன் வந்துவிடாது. காத்திருக்க வேண்டும், பங்கு மக்களும் தங்களால் இயன்றதைச் செய்ய வேண்டும். ஆனால், 'நாங்கள் ஏழைகள், பெறுவது மட்டுமே எங்கள் வேலை' என்று ஒதுங்க முடியாது. எருசலேம் இறைமக்களுக்காகப் பவுலடியார் நிதி திரட்டியபோது, வறுமையில் வாடிய மாசிதோனியச் சபைகளே தாராளமாகக் கொடுத்தன (2 கொரிந்தியர் 8). ஏழை பெறுபவர் மட்டுமல்ல, கொடுப்பவரும்கூட. அதுவே அவரது மாண்பு.

திருத்தணி சாலையில் கனகம்மாசத்திரத்தைக் கடக்கும்போதெல்லாம் அந்தப் பெயர் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. சத்திரம் கட்டுபவர், அங்கே இளைப்பாறப் போகும் வழிப்போக்கரை அறிவதில்லை. வழிப்போக்கரும் கட்டியவரைக் கண்டதில்லை. இருந்தாலும் திண்ணை காத்திருக்கிறது.

நம் பத்து ரூபாய் எங்கோ ஒரு சிற்றூரில் கூரையாகட்டும். நம் கூரைக்கும் எங்கோ ஒருவர் காசு போட்டுக்கொண்டிருக்கிறார் என நம்புவோம். கூரையைப் பழுதுபார்க்க நாமும் கைகோர்ப்போம்.