பன்னிரண்டு நாள் இடைவெளியில் தப்பிய ஒப்பந்தம்

புது தில்லி: இந்தியாவுக்கும் ஐக்கிய அரபு அமீரகத்துக்கும் இடையே 2013 டிசம்பரில் கையெழுத்தான முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தம், 2024 செப்டம்பர் 12-ஆம் தேதியுடன் காலாவதியானது. அதற்குச் சரியாக 12 நாள்களுக்கு முன்னர், ஆகஸ்ட் 31-ஆம் தேதி புதிய ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. பிரதமர் நரேந்திர மோடி 2024 பிப்ரவரியில் அபுதாபி சென்றிருந்தபோது கையெழுத்தான ஒப்பந்தம் அது. முதலீட்டாளர்களுக்கான பாதுகாப்பு ஒருநாள்கூட அறுந்துவிடாமல் பார்த்துக்கொண்டதாக மத்திய அரசு கூறிக்கொண்டது. அது உண்மையே. ஆனால், பழைய ஒப்பந்தத்தையே மேலும் சில ஆண்டுகளுக்கு நீட்டித்துவிட்டிருக்கலாமே? அப்படிச் செய்யாததற்கு வலுவான காரணம் உண்டு.

அன்னிய நிறுவனம் ஒன்றுக்கும் இந்திய அரசுக்கும் தகராறு ஏற்பட்டால், அந்நிறுவனம் நம் நீதிமன்றங்களைத் தாண்டி சர்வதேச நடுவர் மன்றத்துக்கு நேரடியாகச் செல்ல இத்தகைய ஒப்பந்தங்கள் வழி செய்கின்றன. 1994-இல் பிரிட்டனுடன் தொடங்கி, எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளுடன் இந்தியா இவ்வாறு கையெழுத்திட்டது. அன்னிய முதலீட்டுக்கான வரவேற்பு வளைவுகளாகவே அன்று அவை கருதப்பட்டன. உள்ளே எழுதப்பட்டிருந்த ஷரத்துகளைப் பொதுவெளியில் யாரும் பெரிதாக விவாதிக்கவில்லை.

முதல் அடி 2011-இல் விழுந்தது. கோல் இந்தியா நிறுவனத்துடனான வழக்கில் 2002-லேயே தனக்குச் சாதகமாக நடுவர் தீர்ப்புப் பெற்றிருந்த ஆஸ்திரேலியாவின் 'ஒயிட் இண்டஸ்ட்ரீஸ்', அதை நிறைவேற்ற இந்திய நீதிமன்றங்களில் ஒன்பது ஆண்டுகள் காத்துக்கிடந்தது. அந்தத் தாமதமே குற்றம் என்று சர்வதேச நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. இதில் வியப்பு என்னவெனில், நடுவர்கள் கைக்கொண்ட ஷரத்து ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தில் இல்லை. குவைத்துடன் இந்தியா செய்துகொண்ட ஒப்பந்தத்திலிருந்து அது இரவல் பெறப்பட்டது. ஒரு நாட்டுக்குக் கொடுத்த சலுகையை இன்னொரு நாடும் கேட்கலாம் என்ற விதியின் விளைவு இது.

அடுத்து வந்தவை பெரிய வழக்குகள். வோடஃபோன் மீதான வரி செல்லாது என்று 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியதும், முன்தேதியிட்டு வரி விதிக்கும் வகையில் சட்டமே திருத்தப்பட்டது. நெதர்லாந்து ஒப்பந்தத்தின் துணையுடன் வோடஃபோன் 2020 செப்டம்பரில் வென்றது. பிரிட்டன் ஒப்பந்தத்தின்கீழ் வழக்கு நடத்திய கெய்ர்ன் நிறுவனத்துக்கு, சுமார் 120 கோடி டாலர் வழங்குமாறு அதே ஆண்டு டிசம்பரில் உத்தரவு வந்தது. பாரிஸில் உள்ள இந்திய அரசின் சொத்துகளை முடக்க கெய்ர்ன் நீதிமன்ற உத்தரவு பெறும் அளவுக்கு விவகாரம் முற்றியது. 2021 ஆகஸ்டில் அந்த வரி விதிப்பையே மத்திய அரசு கைவிட்டது.

தமிழகமும் இதற்கு விலக்கல்ல. ஒரகடத்தில் கார் ஆலை அமைப்பதற்காக 2008-இல் மாநில அரசு உறுதியளித்த ஊக்கத்தொகை முழுமையாக வந்து சேரவில்லை எனக் கூறி, ஜப்பானுடனான பொருளாதாரக் கூட்டுறவு ஒப்பந்தத்தின்கீழ் நிசான் நிறுவனம் ரூ.5,000 கோடிக்கு மேல் கோரியது. வாக்குறுதி கொடுத்தது சென்னை. பதில் சொல்ல வேண்டியிருந்தது தில்லி. 2020-இல் அந்த விவகாரம் சமரசத்தில் முடிந்தது.

சூடுபட்ட தில்லி, 2015 டிசம்பரில் புதிய மாதிரி ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் அளித்தது. வரி விவகாரங்கள் விலக்கப்பட்டன. இரவல் ஷரத்துக்கு இடமில்லை. உள்நாட்டு நீதிமன்றங்களில் ஐந்தாண்டுகள் முயன்ற பின்னரே வெளிநாட்டு நடுவரை நாடலாம் என்பது கட்டாயமாக்கப்பட்டது. பழைய ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றை ரத்து செய்ய அரசு நோட்டீஸ் அனுப்பியது. ஆனால், ரத்து செய்த மாத்திரத்தில் அவை மறைந்துவிடவில்லை. ஏற்கெனவே செய்யப்பட்ட முதலீடுகளுக்கு மேலும் 10 முதல் 15 ஆண்டுகள் பாதுகாப்பு தொடரும் என்று அவற்றிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

அமீரகத்துடனான பேச்சில் இந்தியா சற்று இறங்கி வந்ததையும் மறைப்பதற்கில்லை. உள்நாட்டு நீதிமன்றங்களுக்கான காலம் ஐந்திலிருந்து மூன்றாண்டுகளாகக் குறைந்தது. மாதிரி ஒப்பந்தம் ஒதுக்கி வைத்திருந்த பங்குச் சந்தை முதலீடுகளுக்கும் பாதுகாப்பு கிடைத்தது. சிவில் வழக்குகள் பல ஆண்டுகள் இழுபடும் நம் நீதிமன்றங்களில் மூன்றாண்டுகளில் என்ன முடிந்துவிடும் என்பது நியாயமான கேள்வி. அதே கேள்வியை முதலீட்டாளரும் கேட்பார் என்பதுதான் சிக்கல். இன்னொருபுறம், ஊழல் அல்லது மோசடி தொடர்புடைய முதலீட்டுக்கு வழக்குத் தொடரும் உரிமை மறுக்கப்பட்டுள்ளது. பொதுநலன் கருதி விதிகள் வகுக்கும் அரசின் உரிமையும் காக்கப்பட்டுள்ளது.

இவ்வளவு பெரிய பொறுப்பை நாட்டின்மீது சுமத்தும் ஒப்பந்தங்களுக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவையில்லை; அமைச்சரவை முடிவே போதுமானது. வெளியுறவுத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு இந்த ஒப்பந்தங்களை ஆராய்ந்து 2021 செப்டம்பரில் அறிக்கை அளித்தபோது, கெய்ர்ன், வோடஃபோன் தீர்ப்புகள் வந்து முடிந்திருந்தன.

அமீரகத்தைத் தொடர்ந்து 2024 செப்டம்பரில் உஸ்பெகிஸ்தானுடனும், 2025 செப்டம்பரில் இஸ்ரேலுடனும் புதிய ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. மாதிரி ஒப்பந்தத்தை முதலீட்டாளர்களுக்கு மேலும் இணக்கமானதாக மாற்றப்போவதாக, 2025 பிப்ரவரி பட்ஜெட் உரையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். எந்தெந்த ஷரத்துகள் தளர்த்தப்படும் என்பதை அந்த உரை சொல்லவில்லை.