சுவிட்ச் ஆன் செய்த செல்போன்... தேடிவந்த ராக்கெட்! - போர்க்களத்தில் 'சிக்னல்' உளவு

2023 ஜனவரி 1. புத்தாண்டு பிறந்து ஒரு நிமிடம்தான் ஆகியிருந்தது. உக்ரைனின் டொனெட்ஸ்க் பகுதியில், ரஷ்யாவின் கட்டுப்பாட்டில் இருந்த மகீவ்கா நகரம். அங்கே ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளிக் கட்டடத்தில் ரஷ்ய வீரர்கள் தங்கியிருந்தார்கள். அவர்களில் பலர், சில மாதங்களுக்கு முன்புதான் கட்டாய அழைப்பின் பேரில் ராணுவத்துக்கு வந்தவர்கள். அந்தக் கட்டடத்தின் மீது உக்ரைனின் ஹைமார்ஸ் ராக்கெட்டுகள் வந்து விழுந்தன.

89 பேர் இறந்ததாக ரஷ்யா அறிவித்தது. உக்ரைன் தரப்போ சுமார் 400 பேர் என்றது.

எதிரிக்கு இடம் எப்படித் தெரிந்தது? 'தடையை மீறி வீரர்கள் பெருமளவில் செல்போன் பயன்படுத்தியதே முக்கியக் காரணம்' என்றது ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம்.

எதிரியின் ரேடியோ, போன், ரேடார் அலைகளைப் பிடித்துத் தகவல் திரட்டும் வேலைக்கு 'சிக்னல்ஸ் இன்டெலிஜென்ஸ்' என்று பெயர். சுருக்கமாக 'சிகின்ட்'.

பேச்சைக் கேட்க வேண்டியதே இல்லை!

ஒட்டுக்கேட்பது என்றால் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கும் சினிமா காட்சிதான் நம் நினைவுக்கு வரும். உண்மையில் நீங்கள் என்ன பேசினீர்கள் என்பதே பல நேரம் தேவைப்படாது.

நம் போன் சும்மா பாக்கெட்டில் இருந்தாலும், 'நான் இங்கே இருக்கிறேன்' என்று பக்கத்து டவருக்கு அவ்வப்போது சொல்லிக்கொண்டேதான் இருக்கும். அப்போதுதான் நமக்கு அழைப்பு வரும். அந்த அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை ஓர் ஆன்டெனா காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு மூன்று இடங்களில் ஆன்டெனா வைத்து, மேப்பில் கோடு போட்டால், கோடுகள் சந்திக்கும் இடத்தில் போன் இருக்கும்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு கட்டடத்தில் திடீரென்று நூற்றுக்கணக்கான போன்கள் உயிர்பெற்றால்? பேச்சை யாரும் கேட்காமலே அங்கே ஒரு படை தங்கியிருக்கிறது என்று புரிந்துவிடும்.

ரஷ்யாவிடமும் இந்த வித்தை உண்டு. அதன் 'லீர்-3' அமைப்பில், ஓர்லான்-10 ட்ரோன்கள் செல்போன் டவர்போல நடித்து வானில் சுற்றும். அசல் டவர் என்று நம்பி போன்கள் அதனுடன் இணைந்து, தங்கள் இருப்பைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இது புதிதும் அல்ல. செச்னியத் தலைவர் ஜோகர் துதாயெவ் 1996 ஏப்ரல் 21 அன்று சாட்டிலைட் போனில் பேசிக்கொண்டிருந்தபோது, அந்த சிக்னலை வைத்தே ரஷ்ய ஏவுகணைகள் அவரைக் கொன்றன.

கார்கிலில் சிக்கிய டேப்

பேச்சையே பிடித்து, போரின் போக்கில் பயன்படுத்திய கதை நம்மிடமே இருக்கிறது. 1999 கார்கில் போர். 'மலைமேல் இருப்பவர்கள் எங்கள் ராணுவம் அல்ல, காஷ்மீர் போராளிகள்' என்று பாகிஸ்தான் சாதித்துக்கொண்டிருந்தது.

அப்போதைய பாகிஸ்தான் ராணுவத் தளபதி முஷாரஃப் சீனாவுக்குச் சென்றிருந்தார். பெய்ஜிங்கிலிருந்து அவர், ராவல்பிண்டியில் இருந்த லெப்டினன்ட் ஜெனரல் முகமது அஜீஸுடன் போனில் பேசினார். அதை நம் 'ரா' உளவு அமைப்பு பதிவு செய்துவிட்டது. ஜூன் 11 அன்று வெளியுறவு அமைச்சர் ஜஸ்வந்த் சிங் அதை வெளியிட்டார். மறுநாள் பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர் டெல்லிக்குப் பேச வரவிருந்தார். பாகிஸ்தான் ராணுவத்தின் நேரடிப் பங்கு உலகத்துக்கே தெரிந்துபோனது.

ஜாகிங் போனதும் தப்பா?

போன் பேசாவிட்டாலும் மாட்டிக்கொள்ளலாம். 'ஸ்ட்ராவா' என்ற உடற்பயிற்சி ஆப், உலகமெங்கும் தன் பயனர்கள் ஓடிய பாதைகளைச் சேர்த்து 2017-ல் ஒரு மேப் வெளியிட்டது. 2018 ஜனவரியில், ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் அதில் ஒன்றைக் கவனித்தார். ஆப்கானிஸ்தான், சிரியாவின் இருண்ட பகுதிகளில் ஆங்காங்கே சில வட்டங்கள் பளிச்சென்று தெரிந்தன. அவை ராணுவ முகாம்களைச் சுற்றி வீரர்கள் ஜாகிங் போன தடங்கள்! அதே ஆண்டு ஆகஸ்டில், போர்ப் பகுதிகளில் இருப்பிடம் காட்டும் வசதிகளைப் பயன்படுத்த அமெரிக்க ராணுவம் தடை போட்டது. 2020-ல் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 ஆப்களை நீக்கச் சொல்லி நம் ராணுவமும் உத்தரவிட்டது.

யார் மீது தவறு?

மகீவ்காவுக்கு மறுபடியும் வருவோம். அமைச்சகத்தின் விளக்கத்தை ரஷ்யாவிலேயே பலர் ஏற்கவில்லை. 'அத்தனை பேரை ஒரே கட்டடத்தில், அதுவும் வெடிமருந்துக்குப் பக்கத்தில் தங்கவைத்தது யார்?' என்று ரஷ்ய ராணுவ விமர்சகர்களே கேட்டார்கள். நியாயமான கேள்வி. இறந்துபோன வீரரின் போனைக் குறை சொல்வது சுலபம். அவரால் பதில் சொல்ல முடியாது. சிக்னல் இடத்தைக் காட்டியிருக்கலாம். ஆனால், ஒரே இடத்தில் அத்தனை உயிர்களைக் குவித்து வைத்தது போன் அல்ல.

உங்கள் வீட்டிலிருந்து யாராவது ராணுவத்தில் இருக்கிறார்களா? எல்லையில் இருக்கும் மகனின் போன் நாள் கணக்கில் 'ஸ்விட்ச் ஆஃப்' என்று வந்தால் வயிற்றைப் பிசையத்தான் செய்யும். அது அவரையும், கூட இருப்பவர்களையும் காப்பாற்றும் மௌனமாகவும் இருக்கலாம். அவர் எங்கே இருக்கிறார், எப்போது கிளம்புகிறார் என்பதை ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பிலோ, ஸ்டேட்டஸிலோ போடாமல் இருப்பது நம் பங்கு!