நூறு ரூபாயில் பீரங்கிக்கு எவ்வளவு?

பட்ஜெட் அன்னைக்கு டிவியில் ஒரு வரி ஓடும். 2025-26க்கு ஓடினது: பாதுகாப்புத் துறைக்கு 6.81 லட்சம் கோடி. முந்தின வருஷத்தை விட 9.5 சதவீதம் அதிகம். கேட்டதும் ரஃபேல், பிரமோஸ் எல்லாம் மனசுல வரிசை கட்டி நிக்கும். எனக்கும் அப்படித்தான், அந்தத் தொகையைப் பிரிச்சுப் பார்க்கிற வரைக்கும்.

அதை நூறு ரூபாய்னு வெச்சுக்கோங்க. புது விமானம், கப்பல், பீரங்கி, கட்டடம் எல்லாத்துக்கும் சேர்த்து 26 ரூபாய். சம்பளம், ரேஷன், டீசல், ஸ்பேர் பார்ட்ஸ், குண்டு மாதிரி அன்றாடச் செலவுக்கு 46. எல்லைச் சாலை, கடலோரக் காவல் படை வகையறாவுக்கு 4. மீதி 24 ரூபாயும் பென்ஷன். அதாவது புதுசா வாங்குறதும் பென்ஷனும் ஏறக்குறைய ஒரே அளவு!

செலவு ஏறுறதுக்குப் போர் பயம் ஒரு காரணம்தான். 1962 சீனப் போருக்கு முன்னாடி ஜிடிபியில் சுமார் 2 சதவீதமா இருந்தது, போருக்குப் பிறகு கிட்டத்தட்ட இரட்டிப்பாச்சு. 2020 கல்வானுக்கு அப்புறம் லடாக்கில் பல்லாயிரம் வீரர்களைக் குளிர்காலம் முழுக்க நிறுத்தி வைக்க வேண்டியதாச்சு. அதுக்கும் காசு வேணும். ஆனா 1980களின் பிற்பகுதியில் ஜிடிபியில் 3 சதவீதத்தைத் தாண்டியிருந்த பட்ஜெட் இன்னைக்கு 2க்கும் கீழே. ரூபாயில் ஏறுது, விகிதத்தில் இறங்குது. பொருளாதாரம் அதைவிட வேகமா வளர்ந்திருக்கு, அவ்வளவுதான்.

இன்னொரு காரணம் டாலரும் யூரோவும். தேஜஸ் விமானத்துக்கு எஞ்சின் அமெரிக்காவிலிருந்து வருது. நம்ம ஆவடியில் தயாராகுற அர்ஜுன் டாங்கிக்கு ஜெர்மன் எஞ்சின். ரூபாய் மதிப்பு சரிஞ்சா அதே பொருளுக்குக் கூடக் கொடுக்கணும். 1980களின் கடைசியில் ஆரம்பிச்ச காவேரி எஞ்சின், தேஜஸுக்குத் தேவையான த்ரஸ்டைத் தரவே இல்லை. (மெக்கானிக்கல், ஏரோ நண்பர்களே, கேட்குதா?)

திரும்ப அந்த 24 ரூபாய்க்கு வருவோம். 2015இல் 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்', அடுத்த வருஷமே ஏழாவது சம்பள கமிஷன். இரண்டும் சேர்ந்து பென்ஷன் தொகையைத் தூக்கிவிட்டுச்சு. போர் முடிஞ்சா ஆயுதச் செலவைக் குறைக்கலாம், பென்ஷனைக் குறைக்க முடியாது. குறைக்கவும் கூடாது, அது உழைச்சவங்க பணம்.

2022இல் அக்னிபாத் வந்தது. நாலு வருஷ வேலை, அதிகபட்சம் 25 சதவீதம் பேருக்குத்தான் நிரந்தரம், மத்தவங்களுக்கு 10 லட்சத்துக்கு மேல ஒரு தொகை, பென்ஷன் கிடையாது. படையை இளமையாக்கத்தான் இதுன்னு அரசு சொன்னது. பென்ஷன் சுமையும் காரணம்னு பலர் எழுதினாங்க. எனக்கும் அப்படித்தான் தோணுது. ஆனா ஒரு சிப்பாய் வழக்கமா 15 வருஷத்துக்கு மேல வேலை பார்ப்பார். அதனால 2022இல் சேர்ந்தவங்களுக்குப் பென்ஷன் இல்லாததால மிச்சமாகுற பணம் 2030களின் பிற்பகுதியில்தான் கண்ணுல படும். இப்போதைக்கு அந்த 24 ரூபாய் அப்படியேதான் இருக்கும்.

ப்ளஸ் டூவில் என் பக்கத்து பெஞ்ச்ல இருந்தவன் இப்போ ஊர்ல இதுக்காகத்தான் விடியற்காலையில் ஓடிட்டிருக்கான். பட்ஜெட் கணக்கெல்லாம் சொன்னேன், "சரிடா"ன்னு கேட்டுக்கிட்டான். 1.6 கிலோமீட்டரை 5 நிமிஷம் 40 நொடியில் முடிக்கிறானாம். இன்னும் 10 நொடி குறைக்கணுமாம்.