நாழியின் அளவும் வன்தட்டின் எல்லையும்

நுழையும் முன்

பெரிய பாத்திரத்தில் மிகுதியான பொருள் அடங்கும். இஃது அனைவரும் அறிந்த உண்மை. ஆயினும், பாத்திரத்தில் உள்ளதை எண்ணிக் கணக்கு வைப்பவர்க்கு எண்கள் போதாமற்போனால் என்ன நேரும்? கணினி, விளையாட்டுக் கருவி, கைப்பேசி ஆகிய அனைத்திலும் எழும் வினா இது. இதற்குரிய விடையை இப்பாடத்தில் காண்போம்.

நிரம்பிய பெட்டி

மாணவர்களே! தொலைக்காட்சியுடன் இணைத்து விளையாடும் பிளேஸ்டேஷன் 4 என்னும் கருவியை உங்களுள் பலர் அறிவீர்கள். இக்கருவி 2013ஆம் ஆண்டு வெளிவந்தது. அதனுள் 500 கிகாபைட் கொள்ளளவுடைய வன்தட்டு இருந்தது. வன்தட்டு என்பது நாம் ஹார்டு டிஸ்க் என்று வழங்கும் சேமிப்புக் கருவியாகும். விளையாட்டைக் குறுந்தட்டில் வாங்கினாலும், அதனை வன்தட்டில் பதிந்த பின்னரே விளையாட முடியும். கருவியின் சொந்தத் தேவைக்கு ஒதுக்கியது போக, ஏறத்தாழ 400 கிகாபைட் இடமே விளையாடுபவர்க்குக் கிடைக்கும். ஒரு விளையாட்டு 50 கிகாபைட் இடம் கொள்ளுமாயின், எட்டு விளையாட்டுகளில் பெட்டி நிரம்பிவிடும்.

நிரம்பியதும் பலர் எண்ணுவது ஒன்றே: பழைய வன்தட்டைக் கழற்றிவிட்டுப் பெரியதொன்றைப் பொருத்தலாம். நம் சூளூர்பேட்டையிலிருந்து மின்தொடர் வண்டியில் ஏறினால் சென்னையை அடையலாம். அங்கே அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் பல கொள்ளளவுகளில் வன்தட்டுகள் கிடைக்கும். ஆனால், கடையில் உள்ள எல்லாத் தட்டுகளையும் நம் கருவி ஏற்காது. பணம் கொடுத்து வாங்கிய பெரிய தட்டில் ஒரு பகுதி மட்டுமே பயன்படுவதும் உண்டு. சில வேளைகளில், சேமித்தவை அழிந்துபோவதும் உண்டு. ஆகவே, எல்லை எங்கே இருக்கிறது என்பதை வாங்கும் முன்னரே அறிதல் வேண்டும்.

இரண்டின் மடங்குகள்

பழந்தமிழர் நெல்லையும் அரிசியையும் அளந்த முறையை நினைவுகூர்வோம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இதனையே மரக்கால் என்பர். இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. ஒவ்வோர் அளவும் முந்தையதன் இரு மடங்காகவோ, இரண்டைத் திரும்பத் திரும்பப் பெருக்கிய மடங்காகவோ அமைந்திருப்பதைக் காண்க. கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு தூணிக்கு 256 ஆழாக்கு ஆகும். (தூணிக்கு மேற்பட்ட கலத்தில் இவ்வொழுங்கு மாறுகிறது, மூன்று தூணி ஒரு கலம்.)

கணினியும் இரண்டின் மடங்குகளிலேயே எண்ணுகிறது. அதற்குத் தெரிந்த இலக்கங்கள் 0, 1 என்னும் இரண்டே. இவ்விலக்கம் ஒவ்வொன்றும் பிட் எனப்படும். ஒரு பிட்டைக் கொண்டு 2 எண்களைக் குறிக்கலாம். இரண்டு பிட்டுகளைக் கொண்டு 4. மூன்று பிட்டுகளைக் கொண்டு 8. எட்டுப் பிட்டுகளைக் கொண்டு 256. எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட்.

எல்லையை வகுப்பது முகவரி

ஒரு தெருவில் வீட்டு எண்ணை எழுத இரண்டு இலக்கங்களுக்கு மட்டுமே இடம் தரப்பட்டுள்ளது எனக் கொள்வோம். 00 முதல் 99 வரை நூறு வீடுகளுக்கே எண் இடமுடியும். நூற்றோராவது வீட்டை எவ்வளவு அழகாகக் கட்டினாலும் அதற்கு எண் இல்லை. அஞ்சல்காரர் அங்கே கடிதம் கொண்டுசேர்க்க இயலாது.

வன்தட்டும் அத்தகைய தெருவே. அது செக்டர் எனப்படும் சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. நெடுங்காலமாக ஒரு கட்டத்தின் அளவு 512 பைட். ஒவ்வொரு கட்டத்திற்கும் ஒரு முகவரி எண் உண்டு. அம்முகவரியை எழுத முற்காலக் கணினிகளில் 28 பிட்டுகளே ஒதுக்கப்பட்டிருந்தன. 28 பிட்டுகளால் 26,84,35,456 முகவரிகளைக் குறிக்கலாம். அதனை 512ஆல் பெருக்கினால் 13,743 கோடி பைட்டுக்குச் சற்று மிகும். அதாவது, ஏறத்தாழ 137 கிகாபைட். இதற்கு மேற்பட்ட இடம் தட்டில் இருந்தும் இல்லாததே ஆயிற்று.

2001ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட முதல் எக்ஸ்பாக்ஸ் கருவி இந்த எல்லைக்கு உட்பட்டதே. அதில் 8 அல்லது 10 கிகாபைட் வன்தட்டு இருந்தது. பிற்காலத்தில் ஆர்வலர்கள் பெரிய தட்டுகளைப் பொருத்த முயன்றபோது, 137 கிகாபைட்டைக் கடக்க அக்கருவியின் அடிப்படை மென்பொருளையே மாற்ற வேண்டியிருந்தது.

பின்னர், முகவரிக்கு 48 பிட்டுகள் ஒதுக்கப்பட்டன. 20 பிட்டுகள் கூடியதால் எல்லை இரு மடங்கு ஆகவில்லை. பத்து இலட்சம் மடங்கிற்கும் மேல் உயர்ந்தது. ஒரு பிட் கூடும்போதெல்லாம் எல்லை இரட்டிப்பாவதே இதற்குக் காரணம். எனினும், தட்டின் பகுதிகளைக் குறித்துவைக்கும் பழைய அட்டவணை முறை 32 பிட் முகவரியைக் கொண்டிருந்தது. ஆதலால், அம்முறையில் 512 பைட் கட்டங்களையுடைய தட்டில் 2.2 டெராபைட்டுக்கு மேல் பயன்படுத்த இயலவில்லை. ஒரு வாயிலை அகலமாக்கினால் அடுத்த வாயில் குறுகலாக நிற்கிறது!

எல்லையைக் கடந்தால் என்ன நேரும்?

பழைய ஸ்கூட்டரில் ஓடிய தொலைவைக் காட்டும் கருவியைப் பார்த்திருப்பீர்கள். ஐந்து இலக்கங்கள் மட்டும் உடைய கருவி 99,999ஐக் காட்டிய பின், அடுத்த கிலோமீட்டரில் 00000 என்று திரும்பிவிடும். முகவரி எண்ணும் இவ்வாறே சுழன்று தொடக்கத்திற்கு வரக்கூடும். அப்போது புதிய கோப்பு, தட்டின் முதற்பகுதியில் உள்ள பழைய கோப்பின்மேல் எழுதப்படும். பழையது மீளாமல் அழியும்.

இக்காலத்திலும் இதனையொத்த இழப்பு நிகழ்கிறது. மிகக் குறைந்த விலையில் விற்கப்படும் போலிப் பென்டிரைவ்கள் சிலவற்றில், உண்மையான கொள்ளளவு சிறிதாக இருக்கும். ஆனால், கணினியிடம் பெரிய அளவைப் பொய்யாகக் கூறுமாறு அவை மாற்றப்பட்டிருக்கும். உண்மை எல்லை வரை எல்லாம் நன்றாகவே தோன்றும். அதன் பின்னர் எழுதப்படுபவை பழையவற்றை அழிக்கும். அல்லது எங்கும் பதியாமலே போகும். கோப்பின் பெயர் திரையில் தெரியும். திறந்தால் உள்ளே ஒன்றும் இராது. பணிமாற்றம் பெற்று ஊர் ஊராகச் செல்லும் குடும்பங்களில், பல ஆண்டு நிழற்படங்கள் இத்தகைய ஒரு சிறு கருவியில் மட்டும் இருக்குமாயின் அந்த இழப்பை எப்படி ஈடுசெய்வது?

எண்ணின் எல்லையைக் கருதாமையால் விளைந்த பேரிழப்பு ஒன்றையும் அறிவோம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்படும் ஏவூர்திகளைக் கண்டு வளரும் உங்களுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். 1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள், ஐரோப்பிய நாடுகளின் ஏரியான் 5 ஏவூர்தி தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து முதன்முறையாகப் புறப்பட்டது. அதன் வழிகாட்டும் மென்பொருளின் ஒரு பகுதி, முந்தைய ஏரியான் 4 ஏவூர்திக்காக எழுதப்பட்டதாகும். அங்கே 64 பிட் வடிவில் இருந்த ஒரு வேக மதிப்பு, 16 பிட் வடிவிற்கு மாற்றப்பட்டது. அவ்வடிவில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 32,767. பழைய ஏவூர்தியில் அம்மதிப்பு இவ்வெல்லையைத் தாண்டவில்லை. புதிய ஏவூர்தியின் பாதையில் தாண்டியது. வழிகாட்டும் கருவி செயலிழந்தது. புறப்பட்ட ஏறத்தாழ 40 நொடிகளில் ஏவூர்தி சிதறியது. புதிய கலத்தில் பழைய அளவையை வைத்ததன் விளைவு இது.

ஒரு கருவி, பல எல்லைகள்

மீண்டும் விளையாட்டுக் கருவிக்கு வருவோம். பிளேஸ்டேஷன் 4 கருவியில் வன்தட்டை மாற்றுவதற்கு அதனைச் செய்த சோனி நிறுவனமே இடம் தந்துள்ளது. தட்டு 2.5 அங்குல வகையினதாக இருத்தல் வேண்டும், சாட்டா இணைப்புடையதாக இருத்தல் வேண்டும், 160 கிகாபைட்டுக்குக் குறையக் கூடாது, தடிமன் 9.5 மில்லிமீட்டரை மிஞ்சக் கூடாது. இவற்றுள் இறுதி நிபந்தனையைக் கவனியுங்கள். இவ்வகையில் 3, 4 டெராபைட் கொண்ட சுழல்தட்டுகள் பொதுவாக 15 மில்லிமீட்டர் தடிமன் உடையவை. அவற்றின் கணக்கைக் கருவி ஏற்கலாம். ஆனால், அவை பெட்டிக்குள் நுழையமாட்டா! இங்கே எல்லையை வகுப்பது எண்ணன்று, இடம்.

இக்கருவியின் வெளிப்புறத்தில் வன்தட்டை இணைத்து விளையாட்டுகளைச் சேமிக்கும் வசதி 2017ஆம் ஆண்டு மென்பொருள் வழியாக வந்தது. அதற்கான எல்லை 250 கிகாபைட் முதல் 8 டெராபைட் வரை.

அடுத்து வந்த பிளேஸ்டேஷன் 5 இன்னும் தெளிவான சான்று தருகிறது. அதனுள் கூடுதலாக எம்.2 என்னும் வகை எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்தைப் பொருத்த 2021ஆம் ஆண்டு வழி ஏற்பட்டது. அப்போது உச்ச எல்லை 4 டெராபைட். 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் வந்த மென்பொருள் அதனை 8 டெராபைட் ஆக்கியது. அதே பெட்டி, அதே துளை. மாறியது மென்பொருள் மட்டுமே.

ஆகவே, கொள்ளளவின் எல்லை ஓரிடத்தில் இருப்பதன்று. தட்டின் அளவு, பெட்டியின் இடம், முகவரியின் பிட்டுகள், மென்பொருளின் விதி ஆகிய நான்கனுள் எது மிகச் சிறியதோ அதுவே உண்மையான எல்லை.

குறைந்தது யார் கணக்கு?

500 கிகாபைட் என அச்சிட்ட தட்டைக் கணினியில் இணைத்தால் 465 என்று காட்டுவது உண்டு. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று வருந்த வேண்டா. உற்பத்தியாளர் ஒரு கிகாபைட்டை 100 கோடி பைட் எனக் கொள்கிறார். விண்டோஸ் மென்பொருளோ இரண்டின் மடங்கில் 107,37,41,824 பைட் எனக் கொள்கிறது. பெயர் ஒன்று, அளவை இரண்டு. முற்காலத்திலும் மரக்கால் என்னும் பெயர் பொதுவாயினும் அதன் அளவு இடத்திற்கு இடம் வேறுபட்டது. அதனாலேயே, தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல்லின் அளவைக் கூறும்போது ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளந்தது என அளவையின் பெயரையும் பொறித்தனர். எந்த அளவையால் அளந்தது எனக் கேட்கும் வழக்கம் நமக்குப் புதியதன்று.

வாங்கும் முன்

வன்தட்டை மாற்ற விரும்புவோர் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நலம்.

1. கருவியின் கையேட்டில் தட்டின் வகை, இணைப்பு, தடிமன், கொள்ளளவு எல்லை ஆகியவற்றைப் படித்தறிக.
2. பழைய தட்டில் சேமித்த ஆட்டப் பதிவுகளை வேறொரு கருவியில் நகலெடுக்க. பிளேஸ்டேஷன் 4 கருவியில் பெற்ற வெற்றிக் கோப்பைகள் அந்நகலில் சேரா. அவற்றை இணையக் கணக்கில் முன்னரே பதிவேற்றுக.
3. புதிய தட்டில் ஒன்றும் இராது. கருவியின் மென்பொருளை மீண்டும் நிறுவ வேண்டும். அதற்குரிய கோப்பைப் பென்டிரைவில் ஆயத்தம் செய்க.
4. புதிய சேமிப்புக் கருவி எதுவாயினும், அது நிரம்பும் அளவிற்குக் கோப்புகளை எழுதி, அவற்றைத் திறந்து பார்த்த பின்னரே நம்புக.
5. திருகாணியைக் கழற்றும் முன் மின்னிணைப்பைத் துண்டிக்க. பெரியவர் ஒருவர் உடனிருத்தல் வேண்டும்.

மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகப் பெரியதை வாங்குவோர், பயன்படாத இடத்திற்கும் பணம் கொடுக்கின்றனர். தேவையை அறிந்து, எல்லையைப் படித்து வாங்குவோர்க்குப் பணமும் மிஞ்சும், பதிவுகளும் நிலைக்கும்.

பயிற்சி

அ. ஒரு மரக்காலுக்கு எத்தனை ஆழாக்கு? கணக்கிட்டு எழுதுக.

ஆ. 28 பிட் முகவரியால் 137 கிகாபைட் எல்லை எவ்வாறு ஏற்பட்டது? விளக்குக.

இ. ‘புதிய கலத்தில் பழைய அளவை’ – இத்தொடர் ஏரியான் 5 ஏவூர்திக்கு எவ்வாறு பொருந்துகிறது?

ஈ. 4 டெராபைட் சுழல்தட்டை வாங்கிப் பிளேஸ்டேஷன் 4 கருவியினுள் பொருத்த விரும்பும் நண்பனுக்கு அறிவுரை கூறி ஒரு கடிதம் எழுதுக.

உ. உங்கள் வீட்டில் உள்ள சேமிப்புக் கருவி ஒன்றில் அச்சிட்ட அளவையும் கணினி காட்டும் அளவையும் குறித்து, வேறுபாட்டிற்கான காரணத்தை வகுப்பில் கூறுக.