காயமும் களிம்பும்

சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்ட சிறுவனுக்கும், அரிவாள்மணையில் விரலை நறுக்கிக்கொண்ட தாயாருக்கும், மருந்துக் கடைக்காரர் அதிகம் விசாரியாமல் எடுத்துக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் களிம்பு, நம் வீட்டு அலமாரிகளில் தைலப் புட்டிக்குப் பக்கத்தில் நிரந்தரமாக இடம் பிடித்துவிட்டது. கைக்கு எளிதில் எட்டுகிற பொருளென்பதால் அதன் சக்தியைப் பற்றியும் அபாயத்தைப் பற்றியும் நாம் யோசிப்பதில்லை.

இக்களிம்புகளில் புகழ்பெற்ற ஒன்றின் பிறப்பே ஒரு காயத்தில்தான் நிகழ்ந்தது. 1943-இல் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், கீழ்க்கால் எலும்பு முறிந்து தோலைக் கிழித்து வெளிவந்த நிலையில் சேர்க்கப்பட்ட ஏழு வயதுச் சிறுமியின் புண்ணிலிருந்து எடுத்த கசிவை, பால்பினா ஜான்சன் என்னும் ஆராய்ச்சியாளர் வளர்த்துப் பார்த்தபோது, அதில் இருந்த ஒருவகைப் பாசில்லஸ் பாக்டீரியா பிற கிருமிகளை அழிக்கும் பொருளொன்றைச் சுரப்பதைக் கண்டார். அவரும் ரண சிகிச்சை நிபுணர் பிராங்க் மெலினியும் அப்பொருளைப் பிரித்தெடுத்து, பாக்டீரியாவின் பெயரோடு அச்சிறுமியின் குடும்பப் பெயரான ட்ரேஸியையும் இணைத்து, பாசிட்ராசின் என்று 1945-இல் உலகுக்கு அறிவித்தனர். ஒரு பாக்டீரியா தன் உடலைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொள்ள வேண்டுமானால், சுவருக்கான செங்கற்களை உள்ளிருந்து வெளியே சுமந்துவரும் ஓடம் போன்ற ஒரு கொழுப்பு மூலக்கூறு, சுமையை இறக்கிவிட்டுத் திரும்பவும் உள்ளே போயாக வேண்டும். பாசிட்ராசின் அந்த ஓடத்தைத் திரும்ப விடாமல் கட்டிப்போடுகிறது. சுவர் எழும்பாத கிருமி வெடித்து மடிகிறது. இத்தனை திறமையுள்ள மருந்தை ஊசி வழியே உடலுக்குள் செலுத்தினால் சிறுநீரகம் கெடும் என்பதால், 2020-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன் ஊசி வடிவத்தைச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளும்படி உற்பத்தியாளர்களைக் கேட்டுக்கொண்டது. தோலின் மேல் மெல்லிதாகப் பூசுவதே அதன் சுபாவத்துக்கு ஏற்ற பிரயோகம்.

இதனோடு, 1949-இல் செல்மன் வாக்ஸ்மனும் ஹியூபர்ட் லெஷவாலியேயும் மண்வாழ் நுண்ணுயிரிலிருந்து எடுத்த நியோமைசினும், பாலிமிக்சினும் கூடிய முக்கூட்டுக் களிம்பு பல தேசங்களில் வழங்குகிறது. நம் கடைகளில் பிரமைசெடின், மியூபிரோசின், பியூசிடிக் அமிலம் ஆகியவையும் கிடைக்கின்றன.

ஆனால் காயத்தை ஆற்றுவது மருந்துதானா என்று கேட்டால், விடை நம் நம்பிக்கைக்கு அவ்வளவு அனுகூலமாக இல்லை. தோலில் செய்த சிறு அறுவைக் காயங்களுக்கு ஒரு சாராருக்குப் பாசிட்ராசினும் மற்றொரு சாராருக்கு வெறும் பெட்ரோலியம் ஜெல்லியும் தடவி, தொள்ளாயிரம் பேரளவில் நடத்தி 1996-இல் வெளியிட்ட அமெரிக்கப் பரிசோதனையொன்றில், சீழ்ப் பிடிப்பில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் தென்படவில்லை. ஒவ்வாமை மாத்திரம் பாசிட்ராசின் தரப்பில் சிலருக்கு உண்டாயிற்று. அதற்கு முன்பே, 1962-இல், ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றிகளின் காயங்களை ஆராய்ந்து, மூடி ஈரமாக வைத்த புண்ணில் புதுத்தோல் ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் படருவதைக் காட்டியிருந்தார். ஆகவே, சுத்தமான சிறு காயத்துக்குக் களிம்பால் விளையும் நன்மையில் பெரும்பங்கு அதிலுள்ள மருந்துக்கன்று, ஈரத்தைக் காக்கும் அதன் பிசுக்குக்கே உரியது என்பது என் துணிபு.

அதற்கும் முந்திய ஸ்தானம் தண்ணீருக்கு. கைகளைச் சோப்பால் கழுவிக்கொண்டு, காயத்தைக் குழாய்நீரின் கீழ் சில நிமிஷம் காட்டி, மண்ணும் பொடிக்கல்லும் போகுமளவு அலச வேண்டும். இரத்தம் நிற்கட்டும் என்று காப்பிப் பொடியை அப்பும் நம் வழக்கம், அலசியெடுத்த அழுக்குக்குப் பதிலாக வேறோர் அழுக்கைக் குடியேற்றுவதே. கழுவி ஒற்றியபின், களிம்புக் குழாயின் வாய் புண்ணில் படாமல் சிறிதளவு பிதுக்கிச் சுத்தமான விரலாலோ பஞ்சாலோ மெல்லிய படலமாகத் தடவி, மேலே கட்டுப் போட்டு, நாளொன்றுக்கு ஓரிரு தடவை மாற்றினால் போதும். மருந்து வேலை செய்யட்டும் என்று வெண்ணெய்போல் தடித்துப் பூசுவதால் கட்டு வழுக்கும் என்பதைத் தவிர வேறு பயனில்லை. ஒரு வாரத்துக்கு மேல் வைத்தியர் சொல்லாமல் நீடிக்கலாகாது. விசாலமான தீக்காயங்களிலும் ஆழமான புண்களிலும் கண்ணிலும் தாமாகத் தடவவும் கூடாது. மியூபிரோசினைக் கண்டபடி பிரயோகித்தால் அதற்கு அஞ்சாத கிருமிகள் பெருகும் என்பதனாலேயே, மருத்துவமனைகள் அதைப் பத்திரமாகக் கையாள விரும்புகின்றன.

ஏமாற்றக்கூடிய ஓர் அறிகுறியைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். நான்காம் ஐந்தாம் நாளில் புண்ணைச் சுற்றிக் களிம்பு பட்ட இடமெங்கும், சில சமயம் கட்டின் சதுர வடிவத்திலேயே, தோல் சிவந்து, நுண்ணிய கொப்புளங்கள் எழுந்து, நீர் கசிந்து, தாங்கமுடியாமல் அரிக்கும். கிருமி பரவுகிறதென்று எண்ணி வீட்டார் இன்னும் அதிகமாகத் தடவுவார்கள். அதனால் அது இன்னும் பெருகும். இது நியோமைசின் முதலியவற்றால் வரும் ஒவ்வாமை. வலியைவிட அரிப்பு மிகுந்திருப்பதே அதை அடையாளம் காட்டும். களிம்பை உடனே நிறுத்த வேண்டும். நியோமைசின் ஒவ்வாதவருக்கு அதன் நெருங்கிய உறவான பிரமைசெடினும் பெரும்பாலும் ஒவ்வாது. ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் அரிப்பை உடனே அடக்குவதால் மகா மருந்தெனத் தோன்றினும், உடலின் எதிர்ப்பை அடக்கிக் கிருமிக்கு வழிவிடுவதால், பச்சைப் புண்ணில் அவற்றுக்கு இடமில்லை.

சிவப்பு படர்ந்துகொண்டே போதல், துடிக்கும் வலி, காய்ச்சல், சீழ், புண்ணிலிருந்து மேலேறும் சிவந்த கோடு ஆகியவற்றுள் எது தோன்றினும் குழாயை மூடிவிட்டு வைத்தியரிடம் செல்ல வேண்டும். நீரிழிவுக்காரரின் பாதப் புண்ணுக்கு இந்த அறிகுறிகளுக்காகக் காத்திருப்பதும் தவறு. நாய் கடித்த காயத்தைப் பதினைந்து நிமிஷம் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் போயாக வேண்டும். ஆணி ஏறிய துளையின் அடியில், காற்றுப் புகாத ஆழத்தில், வளரும் தனுர்வாதக் கிருமியை மேலே பூசிய எந்தக் களிம்பும் எட்டாது; அதற்கு உரியது தடுப்பூசி ஒன்றே, கடைசியாகப் போட்டு ஐந்தாண்டு கடந்திருந்தால் அழுக்கான அப்படிப்பட்ட காயத்துக்கு மீண்டும் ஒன்று.