வீட்டில் பாட்டுப் பதிய: தனிக் கருவியா, கணினியா?

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் வீட்டிலேயே பாட்டுப் பதிய நினைப்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தானே பதிந்து தானே சேமிக்கும் றெக்கோடர். மற்றது, கணினியும் மென்பொருளும். எதை வாங்குவது என்று கேட்பதற்கு முன், பாட்டு எப்படிப் பாடப்படுகிறது என்று பாருங்கள். பலர் கூடி ஒரே மூச்சில் பாடுவதா, ஒருவர் அறைக்குள் இருந்து அடுக்கடுக்காகக் கட்டுவதா? பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

தனிக் கருவி

1979-இல் டாஸ்காம் நிறுவனம் வெளியிட்ட போர்ட்டாஸ்டூடியோ 144, சாதாரண கசெற்றில் நான்கு தடங்களைத் தனித்தனியாகப் பதிந்தது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘நெப்ராஸ்கா’ இசைத்தொகுப்பு 1982-இல் அந்தக் கருவியில் வீட்டில் பதிந்ததுதான். இன்று கசெற்றின் இடத்தில் மெமரி கார்ட் இருக்கிறது.

வாங்கும்போது பெட்டியில் உள்ள தட எண்ணிக்கையை மட்டும் நம்பக்கூடாது. டாஸ்காம் டிபி-008இஎக்ஸ் எட்டுத் தடக் கருவி. ஆனால் ஒரே நேரத்தில் இரண்டைத்தான் பதியும். ஸூம் ஆர்16 ஒரே நேரத்தில் எட்டுத் தடங்களைப் பதியும். நாலு பேர் பைத் பாட, இரண்டு பேர் றபான் அடித்தால், முதல் கருவியில் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். றபான் சத்தத்தை மட்டும் பிறகு குறைக்க முடியாது. இரண்டாவதில் ஆளுக்கொரு மைக் வைக்கலாம்.

களிகம்பு ஆட்டத்தைப் பதிவதென்றால் கம்புகள் மோதும் ஓசையில் கவனம் வேண்டும். பலமாக ஒரு தடவை அடிக்கச் சொல்லி, மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி அளவை வையுங்கள். உடைந்து பதிந்த ஒலியைப் பிறகு முழுமையாகச் சீர்செய்ய முடியாது.

கணினி

ஓடாசிட்டி 2000-ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. ரீப்பரை 60 நாள் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, தனிநபர் உரிமத்தை 60 டொலருக்கு வாங்கலாம். இவற்றோடு மைக்கைக் கணினியுடன் இணைக்கும் யூஎஸ்பி இன்டர்பேஸ், மைக், ஹெட்போன் ஆகியவையும் வேண்டும். ஒலியலையைக் கண்ணால் பார்த்து இருமலை வெட்டலாம்; பிழைத்தால் ஒரு படி பின்னால் போகலாம். மெட்டமைத்து வாத்தியங்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்பவருக்கு இதுவே சரி.

ஒரு சிக்கல் உண்டு. பாடும் குரல் கணினிக்குள் போய் ஹெட்போனுக்குத் திரும்பத் தாமதமாகும். 48 கிலோஹேர்ட்ஸில் பஃபர் (கணினி ஒரு தடவையில் கையாளும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை) 1024 என்றால் ஒரு வழிக்கே 21 மில்லிசெக்கன். தாளம் தடுமாற அது போதும். 128-க்குக் குறைத்தால் 3 மில்லிசெக்கனுக்கும் கீழே வரும். ஆனால் பழைய லாப்டொப் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் ஒலி வெட்டி வெட்டி வரக்கூடும்.

இந்தக் கரைக்கு எது?

நம் ஊர்களின் பெருஞ்செல்வம் மூத்தம்மாமாரின் கவியும் தாலாட்டும், முதியவர்களின் பைத்தும்தான். அவை அவரவர் வீட்டில், பாயில் இருந்து பாடும்போதுதான் இயல்பாக வரும். லாப்டொப்பும் வயர்களும் முன்னால் விரிந்தால் கூச்சப்படுவார்கள். அதன் விசிறி இரைச்சலும் பதிவில் ஏறும். சின்ன றெக்கோடர் ஓரமாகக் கிடக்கும். ஏஏ பற்றரியில் ஓடும். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம்வரை நீண்டதை நாம் மறக்கவில்லை. ஆகவே முதல் செலவு றெக்கோடருக்கே என்பது என் உறுதியான கருத்து. பதிந்த கோப்புகளைப் பிறகு கணினிக்கு மாற்றிச் சீர்செய்யலாம். ஆர்16 கணினிக்கு இன்டர்பேஸாகவும் உதவும்.

எந்தக் கருவியானாலும் அறைதான் பாதி வேலை செய்கிறது. மின்விசிறியை நிறுத்துங்கள். டைல் பதித்த வெறும் ஹோல் எதிரொலிக்கும். பாயும் மெத்தையும் துணியும் நிறைந்த அறை நல்லது. மருதமுனையில் தறி ஓசை ஓய்ந்த நேரம் பாருங்கள். பாடுபவரிடம் அனுமதி கேட்டு, பதிவின் தொடக்கத்திலேயே பெயர், ஊர், திகதியைச் சொல்லிவிடுங்கள்.

24 பிட், 44.1 கிலோஹேர்ட்ஸில் எட்டுத் தடங்களை ஒரு மணி நேரம் பதிந்தாலும் நான்கு ஜீபிக்குள் அடங்கும். ஆகவே இரண்டு பிரதி எடுப்பது பெரிய செலவல்ல. 2004 டிசம்பர் 26-இல் கடல் இந்தக் கரையோர வீடுகளை அள்ளிச் சென்றபோது வீட்டிலிருந்ததும் சேர்ந்தே போனது. ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். மற்றதைக் கரையிலிருந்து தள்ளியுள்ள ஊரில் உறவினர் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.