கோப்பின் நடுவே குதிப்பது எப்படி?

நம் சங்க மலரின் பழைய இதழ்களைத் தட்டச்சு செய்து ஒரே கோப்பாகச் சேர்த்து வருகிறோம். சென்ற மாதம் ஓர் அம்மையார், மறைந்த தம் கணவர் எழுதிய கட்டுரையைப் பேரனுக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டு வந்தார். சங்கத்தின் பழைய கணிப்பொறியோ முழுக் கோப்பையும் திறக்க முயன்று அப்படியே நின்றுவிட்டது. "பரவாயில்லை தம்பி, இன்னொரு நாள் வர்றேன்" என்று எழுந்துவிட்டார். அன்றிரவே பைத்தான் மொழியில் இதற்கு ஒரு வழி செய்தேன். சி.பி.எஸ்.இ. மேல்நிலை வகுப்புகளில் பைத்தான் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அது பயன்படும்.

'ரீட்' என்று மட்டும் எழுதினால் முழுக் கோப்பும் நினைவகத்தில் வந்து இறங்கும். வரிவரியாகப் படித்தால் நினைவகம் நிரம்பாது. ஆனாலும் 50,000-ஆவது வரி வேண்டுமென்றால் முதல் வரியிலிருந்தே எண்ணி வரவேண்டும். வரிகள் ஒரே நீளத்தில் இல்லாததால், அந்த வரி தொடங்கும் இடத்தைக் கணக்கிட்டுச் சொல்ல முடியாது.

இதற்கு மருந்து, பொருளடக்கம். ஒரே ஒரு முறை 'ரீட்லைன்' கொண்டு கோப்பு முழுவதையும் படித்து, ஒவ்வொரு கட்டுரையும் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்பதை 'டெல்' மூலம் கேட்டுக் குறித்துக்கொண்டேன். அதன்பின் 'சீக்' நேராக அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். அடுத்த கட்டுரை தொடங்கும் வரை எத்தனை பைட்டோ, அத்தனையை மட்டும் 'ரீட்' எடுத்துவரும்.

தமிழுக்கு ஓர் எச்சரிக்கை. யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டுகள். 'தமிழ்' நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. கணிப்பொறிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள், ஆக 15 பைட்டுகள். குத்துமதிப்பாகக் குதித்தால் ஓர் எழுத்தின் நடுவே விழுந்து பிழை காட்டும். ஆகவே கோப்பை 'ஆர்பி' முறையில் பைட்டுகளாகத் திறந்து, வரித் தொடக்கத்தில் மட்டுமே வெட்டி, பிறகு எழுத்தாக மாற்றுங்கள். குதித்தே ஆகவேண்டுமென்றால், முதலில் கிடைக்கும் அரைகுறை வரியைத் தள்ளிவிடுங்கள்.

இன்னொன்று: கோப்பின் நடுவில் ஓரெழுத்தைச் சேர்த்தாலும் அதற்குப் பிந்தைய எண்கள் எல்லாம் பிசகிவிடும், பொருளடக்கத்தை மறுபடி தயாரிக்க வேண்டும். கடைசியில் சேர்த்தால் பழைய எண்களுக்குப் பழுதில்லை.

மறுவாரம் அந்த அம்மையார் பேரனுடன் வந்தார். தலைப்பைச் சொன்னதும் கட்டுரை திரைக்கு வந்துவிட்டது. பேரனுக்குத் தமிழ் படிக்க வராது. பாட்டிதான் முழுவதையும் வாசித்துக் காட்டினார்.